எண்ணேசன் குட்டை

"சக்கரை கம்மியா போடுங்கம்மா. உங்களுக்குக் கை கொஞ்சம் தாராளம்."

டீ இன்னும் தம்ளரில் விழவே இல்லை. அதற்குள் இப்படிச் சொல்கிறாரே என்று தமிழ்செல்விக்கு வியப்பு. பெரிய படிப்புப் படித்தவர்கள் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள் போலிருக்கிறது. ஸ்பூனில் அள்ளியதில் பாதியைத் திரும்ப டப்பாவில் கொட்டினாள்.

கோதண்டராமன் சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியர். வழுக்கை, தொந்தி, தடித்த கண்ணாடி. 'ஊரோடு உரையாடல்' என்று ஒரு திட்டம். பேராசிரியர்கள் ஊர் ஊராகப் போய், மக்களோடு உட்கார்ந்து அந்தந்த ஊரின் கதையைப் பேசிப் புத்தகமாக்க வேண்டும். எத்தனையோ ஊர் இருக்க, கிரிவலப் பாதையை ஒட்டிய இந்தச் சின்ன ஊரை அவரே கேட்டு வாங்கிக்கொண்டாராம்.

இன்றைக்குப் பேச்சு எண்ணேசன் குட்டையைப் பற்றி. தமிழ்செல்விக்கு அதுதான் பிழைப்பு. குட்டையில் தண்ணீர் நின்றால்தான் அவள் கிணறு ஊறும்; கிணறு ஊறினால்தான் ஊரார் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலை விளையும். ஊராட்சித் தலைவர் வல்லரசோ, பௌர்ணமிக்கு வரும் கார்களை நிறுத்தக் குட்டையை மண் கொட்டி மூடியே தீருவேன் என்று நிற்கிறார். நாளைக் காலை லாரி வருகிறது. அவள் அழுதும் பார்த்தாயிற்று, சண்டை போட்டும் பார்த்தாயிற்று.

சமுதாயக் கூடத்தில் பேராசிரியர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார். எண் என்றால் எட்டு. மலையைச் சுற்றி எட்டு லிங்கம். எண் ஈசன், எண்ணீசன். அதுவே மக்கள் வாயில் எண்ணேசன் ஆகியிருக்குமோ என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்.

நாற்பதைத் தாண்டியவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். ஏனென்றால் அந்தக் குட்டையை வெட்டியது ஈசனும் இல்லை, எந்த ராஜாவும் இல்லை. தமிழ்செல்வி கல்யாணமாகி வந்த புதிதில், ஊரில் முகாம் போட்ட கல்லூரி என்.எஸ்.எஸ். பையன்கள் வெட்டியது. என்.எஸ்.எஸ். குட்டை ஊர் வாயில் எண்ணெஸ்ஸு குட்டையாகி, அப்புறம் எண்ணேசன் குட்டை ஆகிவிட்டது. வல்லரசு அப்போது பிறக்கவே இல்லை.

முதலில் துணிந்தவர் அருணகிரி. அந்தப் பக்கம் போனாலே தனக்கு உடம்பு சிலிர்க்கும் என்றார். ஜோதியம்மாள் விடுவாளா? குட்டைக்குள்ளிருந்து மணிச்சத்தம் வருவதாகக் கனவு கண்டேன் என்றாள். இரண்டு பேரும் அந்த முகாமுக்குச் சோறு சுமந்தவர்கள்தான். தமிழ்செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வல்லரசு கன்னத்தில் போட்டுக்கொண்டார். பக்தியில் அவரை மிஞ்ச அந்த ஊரில் ஆள் கிடையாது.

"ஈசன் தலை மேல காரை நிறுத்துனா என் குடும்பம் என்னாத்துக்கு ஆவும்? லாரி வாணாம்னு சொல்லிடுறேன்" என்று அங்கேயே போனை எடுத்தார்.

குட்டை பிழைத்தது. ஆனால் கூட்டம் கலைந்ததும் தமிழ்செல்விக்கு மனசு உறுத்த ஆரம்பித்தது. பாவம், நல்ல மனுஷன். இதைப் போய்ப் புத்தகத்தில் எழுதி, நாலு பேர் சிரித்தால்? பதற்றத்தோடு இன்னொரு டீ போட்டு எடுத்துக்கொண்டு, காரில் ஏறப்போனவரை ஓடிப் பிடித்தாள்.

"அது ஈசன் இல்லீங்க சார். காலேஜு பசங்க முகாம் போட்டு வெட்டுன குட்ட. மல்லாட்ட காஞ்சிடுமேன்னு நாங்கதான் வாயத் தொறக்காம இருந்துட்டோம். புக்குல எழுதிடாதீங்க."

கோதண்டராமன் ஒரு வாய் குடித்தார். முகம் சுளித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"நான் எங்கேம்மா ஈசன்னு சொன்னேன், கேள்விதானே கேட்டேன்? மம்பட்டி புடிச்சு என் கையெல்லாம் கொப்புளம் போட்டதே அந்தக் குட்டையிலதான். அப்பவும் டீயில இப்படித்தான் சக்கரையைக் கொட்டிக் குடுத்தீங்க."