வழவழப்பான குழாய்

செஞ்சி கடைவீதியில் இருக்கும் கலைச்செல்வியின் பைப் கடைக்குக் காண்ட்ராக்டர் தனசேகரன் வந்தார்.

“பிளாஸ்டிக் பைப்ப அறுத்தா ஓரமெல்லாம் பிசிறா நிக்குது. வழவழன்னு ஆக்க இன்னாம்மா வச்சிருக்க?”

“அரம் இருக்குது. அத விட இந்தக் கூம்பு கட்டர் நல்லது. ஒருபக்கம் திருப்பினா உள்பிசிறு போயிடும், மறுபக்கம் வெளி ஓரத்தச் சாய்வா சீவிடும்.”

“அதையே குடு. உங்க தெருக் குழாய்க்குத்தான்.”

கலைச்செல்விக்கு மனம் குளிர்ந்தது. “இவ்ளோ பாத்துப் பாத்து செய்றீங்க. இனிமே ஒரு சொட்டு ஒழுகாது.”

“தண்ணி வந்தாத்தானம்மா ஒழுகறதுக்கு? லைனே இன்னும் போடல. வெறும் பைப்பத்தான் நட்டிருக்கோம். நாளைக்குப் பேரூராட்சித் தலைவர் அதப் புடிச்சிக்கினு போட்டோ எடுப்பாரு. கைய கீறிடக் கூடாது, பாரு.”

கலைச்செல்வி கட்டரை அலமாரியில் திரும்ப வைத்துவிட்டு, ஒரு துண்டு உப்புத்தாளை நீட்டினாள்.

“போட்டோவுக்கு இதுவே அதிகம்.”