ஒட்டுப்பால் பூசிய டப்பா

"அண்ணே, உங்க வீட்டம்மா இடுப்புல ஒரு டப்பா இருக்கு. தொறந்து காட்டச் சொன்னா மாட்டேங்குறாங்க."

பெண்களைச் சோதிக்கும் நாகமணி உரக்கச் சொன்னாள். ரப்பர் தோட்டத்துக் கேட்டடியில் பால் வாளிகளோடு நின்ற வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

கேட்டில் காவல் நின்றவன் நாராயணசாமி. தோளில் துப்பாக்கி, எதிரே பெண்டாட்டி. புஷ்பவள்ளி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

வெள்ளைக்காரன் அவசரகாலச் சட்டம் போட்டதிலிருந்து தொழிலாளர் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி முள்கம்பி. ஒரு பிடி அரிசி இந்தக் கேட்டைத் தாண்டினாலும் அது காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குத்தான் என்று கணக்கு. அகப்பட்டால் ஜெயில். ஆளின் தலையெழுத்து மோசமென்றால் கயிறு.

நாகமணி பறித்து நீட்டியது ஐம்பது சிகரெட் கொள்ளும் வட்டத் தகர டப்பா. மூடியைச் சுற்றி, பிசினாய் இறுகும் ரப்பர் ஒட்டுப்பாலைப் பூசிக் காற்றுப் புகாமல் அடைத்திருந்தது. காட்டுக்குச் சோறு கடத்துகிறவர்கள் இப்படித்தான் அடைப்பார்கள் என்று போலீஸ் சார்ஜன் போன வாரம்தான் பாடம் நடத்தியிருந்தார்.

"என்ன புள்ள இது?" என்றான் நாராயணசாமி.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறேன். மருந்து குடுக்குற காப்ரியல் டிரசர் கையிலதான் குடுப்பேன். இங்க தொறக்க முடியாது."

"ஏன், டிரசர் வீட்டுல சோறு இல்லியா?" என்றாள் நாகமணி. வரிசையில் யாரோ சிரித்தார்கள். "அண்ணே, தெனம் விடியக்காலம் நீங்க வாளி தூக்குறீங்க பாருங்க, அதான் இந்தத் துணிச்சல் லா."

அது லயம் முழுக்க அறிந்த வேடிக்கை. ஊரடங்கு நேரத்தில் யாரும் வெளியே கக்கூசுக்குப் போக முடியாது. வீட்டுக்கு ஒரு வாளி. விடிந்ததும் அதைக் கொட்டிவிட்டு வருவது பெண்களின் வேலை. நாராயணசாமி மட்டும் ரெண்டு மாசமாகத் தானே மூடி போட்டு எடுத்துக்கொண்டு போய்க் கொட்டுகிறான். என்ன காரணம் என்று கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவான்.

இன்றைக்கு அவன் சிரிக்கவில்லை. புஷ்பவள்ளியின் தம்பி சோமு போன தீபாவளிக்கு மறுநாள் காட்டுக்குள் போனவன், திரும்பவில்லை. ரெண்டு மாசமாக வீட்டுப் பானையில் ஒரு பருக்கை மிஞ்சுவதில்லை. இத்தனைக்கும் நாராயணசாமி அரை வயிறுதான் சாப்பிடுகிறான். பெல்ட்டில் ஆணியடித்து ரெண்டு ஓட்டை புதிதாகப் போட்டாயிற்று. அப்படியென்றால் மிச்சச் சோறு எங்கே போகிறது? பலமுறை கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டிருந்தான். பதில் வந்துவிடுமோ என்ற பயம்தான்.

"நானே விசாரிக்கிறேன்" என்று டப்பாவை வாங்கிக்கொண்டு, அவளைக் காவல் கொட்டகைக்குள் இழுத்துப் போனான்.

"சீக்கிரம்ணே. ஏழு மணிக்குச் சார்ஜன் லோரி வந்துடும்" என்றாள் நாகமணி.

உள்ளே போனதும் அவன் குரலைத் தாழ்த்தினான். "சோமுவுக்குத்தானே?"

"இல்லீங்க."

"பொய் சொல்லாத. பானையில ஏன் சோறு மிஞ்ச மாட்டேங்குது?"

"நீங்கதான் சாப்பிடுறதில்லியே. கொறச்சு வடிக்கிறேன். அரிசி டின்னுலதான் கெடக்கு, போயிப் பாருங்க."

அவன் நம்பவில்லை. சந்தேகம் வந்தவனுக்கு எந்தப் பதிலும் பொய்யாகத்தான் கேட்கும்.

"எத்தன நாளா நடக்குது இது?"

அவள் அவனுடைய பெல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வளைவில் லோரிச் சத்தம் கேட்டது. அவன் கோபமெல்லாம் இறங்கிப் போயிற்று. என்ன இருந்தாலும் அவள்மேல் உயிரையே வைத்திருக்கிறவன்.

"நான் இத பின்னால வாய்க்கால்ல வீசிடறேன். நாகமணிகிட்ட வெத்தலப் பொட்டின்னு சொல்லிக்கிறேன். நீ பேசாம வீட்டுக்குப் போயிடு."

புஷ்பவள்ளி பாய்ந்து டப்பாவைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். "வீசாதீங்க. பத்து நாளாக் காத்துக் கெடந்து இன்னிக்குத்தான் கெடச்சுது."

"கயித்துல தொங்க விட்டுடுவானுங்கடி."

"தொங்கவிட்டா விடட்டும். இது டிரசர் கைக்குப் போயாவணும்."

அந்தப் பிடிவாதம் அவனுக்கு விளங்கவில்லை. தம்பிக்காகச் சாகத் துணிந்துவிட்டாளே என்று நெஞ்சு எரிந்தது. டப்பாவை மறுபடி பறித்தான். கத்தியை எடுத்து ஒட்டுப்பாலைக் கீறினான். மூடி லேசாக நெகிழ்ந்தது.

அவள் அவன் மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். வெளியே வரிசைக்குக் கேட்டுவிடாதபடி அவன் காதோரமாகப் பேசினாள்.

"இன்னிக்கு நாலு மணிக்கே டூட்டின்னு வாளிய மறந்துட்டு ஓடுனீங்க இல்ல, அதுலேருந்து எடுத்தது. ஒன் வீட்டுக்காரன் வரமாட்டேன்னா இதையாச்சும் கொண்டாம்மான்னு டிரசர் சொல்லியிருந்தாரு. இப்ப நீங்க சொல்லுங்க, எத்தன நாளா ரத்தம் போவுது?"