பாதிக் கூரையில் பனி

இது நான் கண்ணால் பார்த்ததில்லை. வீடுகளுக்குச் சீலிங் வேலை செய்யும் தனசிங் சொன்னது. அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

ஊட்டி காந்தலில் ஒரே தகரக் கூரையின் கீழ் இரண்டு வீடு. ஒன்றில் வீட்டுக்காரர் ஆறுக்குட்டியும் அவர் மனைவி வேலாமணியும். நடுச்சுவருக்கு அந்தப் பக்கம், பஜாரில் ஸ்வெட்டர் கடை வைத்திருக்கும் ரஹீம் வாடகைக்கு இருந்தார். அவர் மகள் மெஹ்ரின் பிரசவத்துக்கு வந்து, குழந்தை பிறந்து பதினெட்டு நாள்தான் ஆகியிருந்தது. எடை குறைவு. "கதகதப்பா வச்சுக்குங்க. குளிர் பட்டா தாங்காது" என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் ஆறுக்குட்டியின் மகன் கிருத்திக், கோயம்புத்தூரிலிருந்து எட்டுப் பஞ்சு ரோல் அனுப்பினான். தகரத்துக்கும் பலகை சீலிங்குக்கும் நடுவில் அதை விரித்துவிட்டால் வீட்டுச் சூடு வெளியே போகாது.

எட்டு ரோல் பாதிக் கூரைக்குத்தான் காணும்.

"ஏனுங்கம்மா, குழந்தை படுக்கிற ரூமுக்கு மட்டும் ஒரே ஒரு ரோல் குடுத்தீங்கன்னா..." ரஹீம் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"எங்க பையன் எங்க ஊட்டுக்கு அனுப்புனதுங்க பாய். ஒரு முழம்கூட சுவரைத் தாண்டாது" என்றாள் வேலாமணி.

ஆறுக்குட்டி பேப்பரிலிருந்து தலையை எடுக்கவே இல்லை.

வீட்டுக்காரர் பக்கம் முழுக்கப் பஞ்சை விரித்து, தனசிங் அன்றைக்கே வேலையை முடித்தார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஆறுக்குட்டியிடமிருந்து போன். "தனசிங்கு, உடனே மேல் ரோட்டுக்கு வா."

மேல் ரோட்டில் நின்றால் கூரை கண்ணுக்கு நேராகத் தெரியும். ரஹீம் பக்கம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஆறுக்குட்டி பக்கம் மட்டும் உப்பைக் கொட்டி வைத்த மாதிரி உறைபனி.

"பார்த்தியா வேலாமணி? நம்ம கூரைல என்னைக்காவது இப்படிப் பனி நின்னிருக்குதா?" என்றார் ஆறுக்குட்டி.

"அய்யய்யோ, இந்தப் பஞ்சு பனியை இழுக்குதுங்க! ஏப்பா தனசிங்கு, என்னத்தைப் பண்ணி வச்சே?"

"அம்மா, ராத்திரி உள்ளே குளிருச்சுங்களா?"

"இல்லை, நல்லாத்தான் தூங்குனேன். அது மருமக வாங்கிக் குடுத்த புதுக் கம்பளி. நீ பேச்சை மாத்தாதே."

"இல்லீங்கம்மா, உள்ளே இருக்கிற சூடு..."

"நீ ஆணி அடிக்கிற வேலையை மட்டும் பாருப்பா" என்று ஆறுக்குட்டி வெட்டினார்.

"எல்லாத்தையும் பிரிச்சுத் தூக்கிப் போடச் சொல்லுங்க" என்றாள் வேலாமணி.

"தூக்கிப் போட்டா கிருத்திக் கேப்பானே? வீடியோ கால்ல காட்டுன்னு நிப்பான்." ஆறுக்குட்டி தாடையைச் சொறிந்தார். "ஒண்ணு பண்ணலாம். அப்படியே அந்தப் பக்கம் விரிச்சுடலாம். கேட்டா காட்டிக்கலாம். பனி அவங்க கூரைக்குப் போகட்டும்."

வேலாமணியின் முகம் மலர்ந்தது. "உங்களுக்கும் சமயத்துல மூளை வேலை செய்யுதுங்க."

தனசிங்குக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயா, பச்சைக் குழந்தை இருக்கிற ஊடுங்க."

"வாடகைக்கு இருக்கிறவங்கதானே? சொன்னதைச் செய்."

இப்படியும் ஒரு மனுஷனா என்று தனசிங் நினைத்தார். ஆனால் அவருக்குத் தொழில் தெரியும். கீழே இருக்கிற சூடு கசிந்து தகரத்தைத் தொட்டால்தான் பனி நிற்காது. பனி நிற்கிறதென்றால் சூடு வீட்டுக்குள்ளேயே பத்திரமாக இருக்கிறது.

இன்னொரு முறை அழுத்திச் சொன்னால் வேலாமணிக்குப் புரிந்துவிடும். பஞ்சும் இங்கேயே இருந்துவிடும். வாயை மூடிக்கொண்டால் அது குழந்தைக்குப் போகும்.

தனசிங் வாயை மூடிக்கொண்டார்.

நடுச்சுவர் சீலிங்கோடு நின்றுவிடும். அதற்கு மேலே இரண்டு வீட்டுக்கும் வழி ஒன்றுதான். ரோல்களை ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் தள்ளி விரித்தார். ரஹீமிடம், "வீட்டுக்காரர் போடச் சொன்னாருங்க பாய்" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த நாள் காலை, விட்டுப்போன உளியை எடுக்கப் போனார்.

மேல் ரோட்டில் வேலாமணி இரண்டு ஸ்வெட்டர், ஒரு மங்கி கேப்போடு நின்றுகொண்டிருந்தாள். பல் தந்தியடித்தது.

"பாரு தனசிங்கு, நம்ம கூரை எப்படிப் பளிச்சுன்னு இருக்குது! அவங்க பக்கத்தைப் பாரு, வெள்ளை வெளேர்னு! என்ன, நேத்து ராத்திரி குளிருதான் கொஞ்சம் ஜாஸ்தி."

பக்கத்தில் ஆறுக்குட்டி சால்வைக்குள் ஒடுங்கி நின்றார். மூக்கைத் துடைத்துக்கொண்டே, "ஆமா ஆமா, ஊரெல்லாம் குளிருதான்" என்றார்.

மூவரும் கீழே இறங்கியதும், ரஹீம் வீட்டு ஜன்னல் வழியாகத் தனசிங் எட்டிப் பார்த்தார். குழந்தையின் குல்லாவைக் கழற்றிவிட்டிருந்தார்கள். அது இரண்டு கையையும் வெளியே நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தது.

ரஹீம் வாசலுக்கு வந்து ஆறுக்குட்டியைக் கூப்பிட்டார். "அண்ணா, நீங்க செஞ்ச உதவியை..."

"வாடகையை அஞ்சாம் தேதிக்குள்ள குடுங்க பாய். அது போதும்." விறுவிறுவென்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார் ஆறுக்குட்டி.

இதையெல்லாம் என்னிடம் சொல்லிவிட்டுத் தனசிங் கேட்டார்: "பனியைப் பத்தி ஒண்ணுமே தெரியாத மனுஷன். உண்மையைச் சொல்லாம இந்தக் குளிர்ல நடுங்க விட்டுட்டேன். பாவம்தானுங்களே தம்பி? நீங்க படிச்சவரு, சொல்லுங்க."

பதில் சொல்வதற்கு முன், ஆறுக்குட்டியைப் பற்றி விசாரித்தேன்.

ஊட்டிக்கு வருவதற்கு முன் அவர் குன்னூர்ப் பக்கம் ஒரு டீ எஸ்டேட்டில் முப்பத்தோரு வருஷம் இருந்தார். அந்த எஸ்டேட் ஆபீசிலேயே கேட்டு உறுதி செய்துகொண்டேன். குளிர்காலம் முழுக்க, விடியற்காலையில் எழுந்து போய், உறைபனி எங்கே நின்றது, எங்கே நிற்கவில்லை, அதற்கு என்ன காரணம் என்று மானேஜருக்கு எழுதிக் கொடுப்பதுதான் அங்கே அவருடைய வேலை.