கிழக்கே சூலம்

“ரேணிகுண்டாவா? ஏம்பா, மீனம்பாக்கத்த யாராவது தூக்கிக்கினு பூட்டாங்களா?” என்று சிரித்தாள் கீர்த்தி. ஐதராபாத்துக்குத் திரும்பிப் போக போனில் டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தாள்.

குமரகுரு தறியை நிறுத்தினார். மகளிடம் வாதாட வேண்டுமென்றால் அவருக்கு இரண்டு கையும் சும்மா இருக்க வேண்டும்.

“திருப்பதி ஏர்போர்ட்டு அங்கதானே இருக்குது. சின்ன எடம்மா. கும்பல் கெடையாது. உள்ள போனா நாலு எட்டுல பிளைட்டு. மெட்ராஸ்ல உள்ளயே ஒரு மைலு நடக்கணுமாம். ஜரிகைக் கடை ஆனந்தராஜ் சொன்னாரு.”

“ஆனந்தராஜ் மாமா பிளைட்டே ஏறனதில்லப்பா! சென்னைன்னா ஒன்றரை மணி நேரம். ஒரு பிளைட்டு கேன்சலானா அடுத்தது இருக்கும். ரேணிகுண்டாவுக்கு மூணு மணி நேரம் போவணும். அங்க கேன்சலானா மொட்ட போட்டுக்கினு திரும்பி வர வேண்டியதுதான்.”

“போட்டுக்கினா இன்னா? புண்ணியம்தான்.”

“எனக்கா, உனக்கா?”

அடுக்களையிலிருந்து மஹாலட்சுமியின் குரல் வந்தது. “அவ சொல்றது சரிதாங்க. நம்ப தினேஷ் தெனமும் கார்லதானே மெட்ராஸ் வேலைக்குப் போறான்? தங்கச்சிய ஏர்போர்ட்ல எறக்கிவுட்டுட்டுப் போவான். நீங்க எதுக்கு அந்த ஓட்ட வேனை மூணு மணி நேரம் உருட்டிக்கினு போவணும்?”

விஷயமே அதுதான். சென்னை என்றால் தினேஷ். ரேணிகுண்டா என்றால் குமரகுரு. மஹாலட்சுமிக்கு வண்டியில் ஏறினாலே குமட்டும், வர மாட்டாள். வேனில் அப்பாவும் பெண்ணும் மட்டும்தான்.

எட்டு மாதம் கழித்து வந்திருக்கிறாள் கீர்த்தி. அதுவும் சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு. வந்த நாளிலிருந்து வீடு கொள்ளாத உறவுக்கூட்டம். நான்கு நாளில் மகள் அவரிடம் பேசியது, “சாப்ட்டியாப்பா?” அவர் பேசியது, “ஆச்சும்மா.” கேட்க அவருக்கு ஆயிரம் இருந்தது. அந்த ஊர் உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா, ஆபீசில் யாராவது மனசு நோகப் பேசுகிறார்களா, வீடியோ காலில் சிரிக்கிற சிரிப்பெல்லாம் நிஜச் சிரிப்புதானா? இதையெல்லாம் நாலு பேர் நடுவில் கேட்க முடியுமா? மூன்று மணி நேரம் கிடைத்தால் கேட்டுவிடுவார். ஆனால் இதை வெளியே சொல்லவும் வெட்கம் பிடுங்கித் தின்றது. ஐம்பத்தெட்டு வயசில், பெண்ணோடு பேச ஆசை என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

கடைசி ஆயுதத்தை எடுத்தார்.

“அதெல்லாம் வுடு. நாளன்னிக்கி கிழக்கே சூலம். மெட்ராஸ் கிழக்கு. நம்ப வூட்டுப் பொண்ணு சூலத்துக்கு எதிர்ல கெளம்பக் கூடாது.”

அடுக்களையில் கரண்டிச் சத்தம் நின்றது. குமரகுரு சூலம் என்று சொல்லிவிட்டால் அந்த வீட்டில் மேல்முறையீடு கிடையாது. நல்ல நேரம் பார்க்காமல் தறியில் புதுப் பாவு ஏற்ற மாட்டார். சூலம் இருக்கும் திசையில், கடைக்காரர் எத்தனை அவசரம் என்றாலும், நெய்த சேலையை எடுத்துக்கொண்டு படியிறங்க மாட்டார். முப்பது வருஷமாக இந்த இலாகா அவரிடம்தான். மற்றவர்கள் தினக்காலண்டரில் தேதி பார்ப்பதோடு சரி.

“சூலம்னா வேணாம்டி. ரேணிகுண்டாவே போடு” என்று மஹாலட்சுமி நொடியில் கட்சி மாறினாள்.

கீர்த்தி அப்பாவையே பார்த்தாள். “நெஜமாவாப்பா?”

“இன்னாம்மா கேள்வி இது? சூலத்துல போயி யாராவது பொய் சொல்லுவாங்களா?”

அவள் எழுந்து தண்ணீர் குடிக்க உள்ளே போனாள். திரும்பி வந்து கொஞ்ச நேரம் போனைத் தட்டினாள். “போட்டுட்டேன். ரேணிகுண்டா, பதினொன்றரை மணி பிளைட்டு. வழியில வண்டி நின்னுச்சு, நீதான் தள்ளணும்.”

“எங்க வேணா தள்றேன்” என்றார் குமரகுரு.

அன்று தறியில் அவர் கையில் நாடா பறந்தது. சாயங்காலம் வேனைத் தானே கழுவினார், டயருக்குக் காற்றடித்தார், முன்சீட்டுக்குப் புது உறை மாட்டினார். தினேஷ் கூட, “இன்னாப்பா, மாப்ள அழைப்புக்கா?” என்று கிண்டல் செய்தான். சந்தோஷத்தில் அவருக்குக் கோபமே வரவில்லை.

கிளம்புகிற காலையில்தான் மனிதர் ஒரு மாதிரி ஆகிவிட்டார். பூஜை மாடத்துக்கு முன்னால் நின்றவர் நகரவே இல்லை. விபூதியை மூன்று தடவை பூசிக்கொண்டார். வேனில் ஏறி உட்கார்ந்த பிறகும் சாவியைத் திருகாமல், தெருக்கோடியைப் பார்ப்பதும் கன்னத்தில் போட்டுக்கொள்வதுமாக இருந்தார்.

“இன்னாங்க, மணி ஏழாவுது. எடுங்க வண்டிய” என்றாள் வாசலில் நின்ற மஹாலட்சுமி.

“தோ, ஒரு நிமிஷம்.”

பெட்டியை வைத்துவிட்டு உள்ளே ஓடிய கீர்த்தி, டம்ளரோடு வந்தாள். ஜன்னல் வழியாக அப்பாவிடம் நீட்டினாள்.

“பாலுப்பா. குடி.”

“கெளம்பற நேரத்துல பாலு எதுக்கும்மா?”

அம்மாவுக்குக் கேட்காதபடி அவள் குனிந்து, அவர் காதோடு சொன்னாள்: “புதன்கெழம சூலம் கிழக்க இல்லப்பா, வடக்க. நாம போற ரேணிகுண்டா பக்கம். பரிகாரம் பால்னு காலண்டர்லயே போட்டிருக்குது, டிக்கெட் போடறதுக்கு முன்னாடியே பாத்துட்டேன். பாதி நான் குடிச்சிட்டேன், மீதிய நீ குடி.”