தாழ்ப்பாள் எழுதிய ஃபில்டர்

திரையில் மறுபடியும் உள்நுழைவுப் பக்கமே வந்து நின்றது.

தாழ்ப்பாள் கடவுச்சொல்லைத் தட்டினான். உங்களுக்கு அனுமதி இல்லை என்றது. இன்னொரு முறை தட்டினான். மரியாதை குறையாமல் அதையே சொன்னது.

அந்தப் பக்கத்துக்கு அப்பால் அவன் தம்பி இருந்தான்.

பைக்கிலிருந்து விழுந்தவன். ஆஸ்பத்திரியில், தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தான். மூச்சை ஓர் இயந்திரம் விட்டுக்கொண்டிருந்தது. உள்ளே போய்ப் பார்க்க விடமாட்டார்கள். ஆனால் கணக்கு வைத்திருக்கும் வீட்டார், அவன் நாடித்துடிப்பைத் தங்கள் ஃபோனிலோ கணினியிலோ பார்த்துக்கொள்ளலாம். அந்த வசதியைச் செய்து கொடுத்ததே எங்கள் ஆபீஸ்தான்.

காலையில்கூட என்னைக் கூப்பிட்டுக் காட்டினான்.

"பாத்தீங்களா பெரிசு, எம்பதுலயே நிக்குது. பய சுகமா தூங்கறான். நமக்குத்தான் தூக்கம் இல்ல."

பார்த்ததை அப்படியே படம் பிடித்து அம்மாவுக்கு அனுப்புவான். மதியப் படம் இன்னும் போகவில்லை. அந்த அம்மாள் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

தாழ்ப்பாள் என்பது நாங்கள் வைத்த பெயர். யாரை உள்ளே விடலாம், யாரை விடக்கூடாது என்று பார்க்கும் ஜாவா நிரல்களை எழுதுவதுதான் அவன் வேலை. அவன் எழுதிய வாசலில் எறும்பு நுழைந்தாலும், எந்த வீட்டு எறும்பு என்று விசாரிக்கும். ஒருமுறை மேனேஜரையே வெளியே நிறுத்திவிட்டது. அந்த வாரம் ஆபீசில் நடந்த அளவுக்கு வேலை, முன்பும் நடந்ததில்லை, பின்பும் நடந்ததில்லை.

நான் டெஸ்டர். அடுத்தவர் எழுதியதில் குறை கண்டுபிடித்துச் சாப்பிடுகிறவன். நான் உற்றுப் பார்த்து, நன்றாக ஓடிக்கொண்டிருந்த சுவர்க்கடிகாரம் நின்றுபோனதுண்டு. பேட்டரி தீர்ந்துவிட்டது என்பார்கள் சிலர். பொறாமை.

தாழ்ப்பாளுக்கும் எனக்கும் தினமும் ஒரே சண்டைதான். நான் தப்பு என்பேன். தப்பு உங்கள் பார்வையில் என்பான். மாலை வரை இழுபறி நடக்கும். கடைசியில் அவன் திருத்துவான், நான் சிரிக்கமாட்டேன். சிரித்தால் இன்னும் கோபம் வரும்.

இன்று அவனுடைய புது ஃபில்டரை ஆஸ்பத்திரி சர்வரில் ஏற்றினோம். எந்தப் பக்கத்தைக் கேட்டாலும், அதைத் தருவதற்கு முன்னால் குறுக்கே நின்று விசாரிக்கும் சின்ன நிரல். உள்ளங்கையில் எழுதிவிடலாம், அவ்வளவுதான்.

ஏற்றியதும் தம்பியின் பக்கத்தைத் திறந்தான். வெளியே தள்ளியது.

முதலில் சிரித்தான். "பெத்தவனையே கடிக்குது பாருங்க" என்றான். பிறகு சிரிக்கவில்லை.

நிரலை மேலிருந்து கீழே படித்தான். கீழிருந்து மேலே படித்தான். விசைப்பலகையைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினான்.

மேனேஜர் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"ஆஸ்பத்திரிலேருந்து பேசினாங்கப்பா. எல்லா வீட்டுக்காரங்களும் ஒழுங்கா உள்ள போறாங்களாம். கச்சிதமா இருக்குன்னாங்க." தாழ்ப்பாளின் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

கச்சிதமாகத்தான் இருந்தது. எனக்கு அது முன்பே தெரியும்.

போன வாரம் முழுவதும் அந்த ஃபில்டரை நான் அடிக்காத அடி இல்லை. பொய்யாக நோயாளிகளைப் படுக்க வைத்தேன், எழுப்பினேன், வார்டு மாற்றினேன், கொன்றேன். கொன்றவர்களையே திரும்பக் கொண்டுவந்து சேர்த்தேன். அது அசரவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு குறையும் கிடைக்கவில்லை.

அப்படி ஒரு ஃபில்டரை ஆஸ்பத்திரிக்காரர்கள் கேட்டதற்குக் காரணம் இருந்தது. முன்பெல்லாம் கடவுச்சொல்லைச் சரியாகக் கொடுத்தால் சர்வர் ஒரு செஷனைத் திறந்துவிடும். கொட்டகைக்காரன் கையில் முத்திரை குத்தி அனுப்புவது போல. அதன்பிறகு யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். ஒரு பெண்மணி, கணவர் போய்ச் சேர்ந்த பிறகும், அந்தப் பழைய செஷனில் ‘நிலைமை சீராக உள்ளது’ என்ற வரியைச் சொந்தக்காரர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தாராம்.

இனி அப்படி நடக்கக்கூடாது என்றார்கள். பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும், அந்த நோயாளி இன்னும் ஆஸ்பத்திரியில் இருக்கிறாரா என்று ஃபில்டர் பார்க்க வேண்டும். வார்டு மாறினால் குற்றமில்லை. வீடு திரும்பியிருந்தாலோ, இறந்திருந்தாலோ, வீட்டாரின் செஷன் அந்த நொடியே செல்லாது. கணக்கும் மூடப்படும்.

இயந்திரம் மூச்சு விடுகிற பையன் மதியத்துக்குள் எழுந்து வீடு திரும்பமாட்டான்.

ஆஸ்பத்திரியில் எது நடந்தாலும் முதலில் கணினியில்தான் பதிவார்கள். வீட்டாரிடம் சொல்வதற்கு டாக்டர் வர வேண்டும். அவர் வரும் வரை, எல்லாவற்றையும் விட வேகமானது தாழ்ப்பாளின் ஃபில்டர்தான்.

இதெல்லாம் எனக்குத் தெரியும் என்றால், அதை எழுதியவனுக்குத் தெரியாதா?

அவன் என் பக்கம் திரும்பினான். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து என்னைப் பெரிசு என்றே கூப்பிட்டவன்.

"அண்ணே, இதுல எங்கயோ தப்பு இருக்குண்ணே. நீங்க பாத்தா கண்டுபிடிச்சிருவீங்க."

நாற்காலியை இழுத்து அவன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன்.

"ஆமாடா. இருக்கு. எனக்கு அப்பவே சந்தேகம்" என்றேன்.

அவன் முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினான்.

மெதுவாகப் படிக்கச் சொன்னேன்.