ஏழு டம்ளர்கள்

சமையலறை மேசையில் ஏழு கண்ணாடி டம்ளர்கள். ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் அளவு தண்ணீர், அதற்குள் காலை வெயில். இரவு டியூட்டி முடித்து வந்த, நர்ஸான அம்மா பக்கத்து அறையில் கதவைச் சாத்தித் தூங்குகிறாள். அதனால் டம்ளர்களுக்கு அடியில் துண்டு விரித்திருக்கிறது. பென்சிலின் ரப்பர் முனைதான் தட்டும் குச்சி. வாசல் மணியின் பேட்டரியைக்கூட அப்பா கழற்றிச் சட்டைப் பையில் போட்டு வைத்திருக்கிறார். வீட்டிலேயே படிக்கும் ஏழு வயது மகளுக்கு இன்று இதுதான் பாட்டு வகுப்பு. அப்பா நாலு டம்ளரைத் தட்ட, அவள் நாக்கைக் கடித்தபடி அப்படியே திருப்பித் தட்டுகிறாள். கடைசி டம்ளர் மட்டும் பிசிறடிக்கிறது. “தண்ணி ஜாஸ்திப்பா,” என்று கிசுகிசுத்துவிட்டு ஒரு வாய் குடிக்கிறாள், தட்டுகிறாள், இன்னும் அரை வாய் குடிக்கிறாள். சுருதி சேர்ந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து உள்ளே கட்டில் கிரீச்சிடுகிறது. அப்பா உதட்டில் விரல் வைக்கிறார். இருவரும் மூச்சுக் காட்டாமல் கதவையே பார்க்கிறார்கள். வெகு நேரம் கழித்து, தூக்கம் கலையாத குரல் வருகிறது: “ஏன் நிறுத்திட்டீங்க? அதைக் கேட்டுட்டேதானே தூங்கிட்டிருந்தேன்.” மகள் அப்பாவைப் பார்க்கிறாள். பிறகு பென்சிலைத் திருப்பி, மர முனையால் தட்டத் தொடங்குகிறாள்.