இடது கை

சாப்பிடும்போது தமயந்தி எந்த வாய்ச் சோற்றில் தூங்கிப்போவாள் என்று அவளுக்கே தெரியாது. அவள் கணவன் குலசேகரனின் இடது கைக்கு மட்டும் தெரியும். தலை சாய்ந்ததும் அது அவள் தட்டுக்கு மேலே போய்க் கன்னத்தை வாங்கிக்கொள்ளும். வலது கை அதன்பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும். கல்யாணமானதிலிருந்து இப்படித்தான்.

போன மாதம் டாக்டர் இந்தப் பகல் தூக்கத்துக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதைக் காலையில் போட ஆரம்பித்ததிலிருந்து அவள் தட்டின் முன்னால் ஒருமுறைகூடத் தூங்கவில்லை.

இன்று ரசத்தில் கிடந்த மிளகாயை ஒதுக்கக் குனிந்தாள். கை வந்துவிட்டது.

"தூங்கலைங்க. மிளகாய எடுத்தேன்."

"எனக்குத் தெரியுது. இதுக்குத்தான் தெரியல."

அவன் கையை எடுத்து, எங்கே வைப்பதென்று புரியாமல் மடியில் வைத்துக்கொண்டான். தமயந்தி கொஞ்ச நேரம் சும்மா சாதத்தைப் பிசைந்தாள். பிறகு, "குடுங்க" என்று அந்தக் கையை இழுத்து, கண்ணை நன்றாக விழித்துக்கொண்டே கன்னத்தை அதில் சாய்த்தாள்.

"உங்க கை எப்பவுமே இவ்வளவு சூடாவா இருக்கும்?"